ராணுவ ஆவணத்தில் உயிரோடு இருந்த அண்ணன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, புதுச்சேரி கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனால் அந்தக் கவலை போன இடத்தில் இன்னொரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா, அம்மா இருவருக்கும் பிறகு என் தங்கையின் கதி என்ன?

தங்கைக்கு நாற்பது வயது. மனசு மட்டும் சின்னக் குழந்தையோடது. தலை வாரிவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். வீதியில் ஐஸ் வண்டி மணி கேட்டால் செருப்பில்லாமல் ஓடுவாள். தனியாக விட முடியாது.

அப்பா ராணுவத்தில் லாரி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர், அவரும் ராணுவத்தில் இருந்தவர்தான், கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சின்னவ பேரு அப்பாவோட சர்வீஸ் ரெக்கார்டுல இருக்குதா பாரும்மா. இருந்தாதான் பின்னாடி அவளுக்குக் குடும்ப பென்ஷன் வரும். இல்லைன்னா அவரு இருக்கும்போதே சேத்துடு.”

தங்கை, அப்பா ஓய்வு பெற்று வந்த பிறகு பிறந்தவள். அவளைச் சேர்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

நான் சேதராப்பட்டில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி முத்தியால்பேட்டையிலேயே, அப்பா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். அப்பா வீடு திரும்பியதும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, அவருடைய ராணுவக் காகிதங்களை எடுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் பொறுமையாகப் பார்த்தார்.

“தங்கச்சி பேரைச் சேக்கலாம். ஆனா குடும்ப விவரத்துல இருக்கிற எல்லாரோட பேப்பரும் வேணும். உங்க அண்ணனோட ஆதார் எங்க?”

“எங்க வீட்ல பையனே இல்லையே சார்.”

அவர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். முதலில் அம்மா பெயர். கடைசியில் என் பெயர். நடுவில் ஒரு ஆண் பெயர், மகன் என்று.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து, மூன்று வயதில் இறந்துவிட்டான் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். வீட்டில் அவனுடைய போட்டோ கிடையாது. திதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன். “இருந்தான், போயிட்டான்” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அதற்கப்புறம் நான் கேட்டதில்லை. அவன் பெயரை அந்தக் காகிதத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“அவரு சின்ன வயசுலயே தவறிட்டாரு சார்.”

“அப்ப இறப்புச் சான்றிதழ் குடுங்கம்மா. ராணுவத்தைப் பொறுத்தவரைக்கும் அவர் இன்னிக்கி வரைக்கும் உயிரோட இருக்காரு. அதைத் திருத்தினாதான் மத்தது.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது அப்படியே இருக்கட்டும்.”

“அப்படியே இருந்தா சின்னவளைச் சேக்க முடியாதுப்பா.”

“முடியலைன்னா விடு.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. பெற்ற பெண்ணின் எதிர்காலத்தைவிட எந்தக் காலத்திலோ எழுதிய ஒரு வரி இவருக்குப் பெரிதா என்று நினைத்தேன். மேற்கொண்டு பேசாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து அப்பாவே என் வீட்டுக்கு நடந்து வந்தார். நெஞ்சுவலிக்குப் பிறகு அவ்வளவு தூரம் அவர் நடந்தது அன்றைக்குத்தான். நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

அண்ணன் இறந்த சமயத்தில் அவர் வடகிழக்கு மலைப்பகுதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. “குழந்தைக்கு சீரியஸ்” என்று அடித்த தந்தி தாமதமாகத்தான் கைக்குக் கிடைத்தது. லீவு வாங்கி, ரயில் மாறி மாறி ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பல நாள் ஆகியிருந்தது. வாசலிலேயே மாமா மறித்து விஷயத்தைச் சொன்னார். உள்ளே அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“லீவு முடிஞ்சி திரும்பிப் போனேன். புள்ளைக்கு எப்படி இருக்குன்னு கிளார்க்கு கேட்டாரு. நல்லா இருக்கான்னுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. அப்புறம் வருஷா வருஷம் கேப்பாங்க, குடும்ப விவரத்துல மாத்தம் உண்டான்னு. இல்லைன்னுடுவேன். நீ பொறந்தப்ப உன் பேரைச் சேத்தேன், அவன் பேரை எடுக்கச் சொல்லல. அங்க ஒரு இடத்துலயாவது இருந்துட்டுப் போகட்டுமேன்னு இருந்துச்சி.”

என் ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவரே எழுந்தார்.

“சின்னவளுக்காகச் செஞ்சிடலாம். மேரியில போய்க் கேளு, எழுதியிருக்காங்களான்னு.”

நகராட்சியைப் பழைய ஆட்கள் இங்கே இன்னும் மேரி என்றுதான் சொல்வார்கள். அங்கே தேடினார்கள், கிடைக்கவில்லை. அம்மா அப்போது சேதராப்பட்டுக்குப் பக்கத்தில் தன் தாய் வீட்டில் இருந்திருக்கிறாள். அந்தக் காலத்தில், அந்தக் கிராமத்தில் ஒரு குழந்தையின் சாவை யாரும் பதிவு செய்யவில்லை. இத்தனை காலம் கழித்துப் பதிவு செய்ய வேண்டுமானால் வருவாய் அதிகாரி உத்தரவு போட வேண்டும். அதற்கு, இறக்கும்போது கூட இருந்தவர் நேரில் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கூப்பிட்ட நாளில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். தங்கையை என் கணவர் பார்த்துக்கொண்டார். அதிகாரி ஒரு பெண். என்னைவிட இளையவர். மேஜை நிறைய கோப்புகள். நிமிராமலே கேட்டார்.

“குழந்தை எங்க, எப்படி இறந்துச்சி? கூட இருந்தது யாரு?”

அப்பா எழுந்து நின்றார். “நான் அங்க இல்ல மேடம்” என்றார்.

“நான் இருந்தேன்” என்றாள் அம்மா.

அவள் உட்கார்ந்தபடியே, சத்தம் உயர்த்தாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

“ரெண்டு மூணு நாளா காய்ச்சல். அன்னிக்கி விடிகாலைல வலிப்பு வந்துடுச்சி. நல்ல மழை. பஸ்ஸு வரல. புள்ளையத் தோள்ல போட்டுக்கினு ரோட்டோட நடந்தேன். ஜல்லி லாரி ஒண்ணு வந்து நின்னுச்சி. ஏறிக்கம்மான்னாரு டிரைவரு. முன்னாடி உக்காந்தேன்.

“கொஞ்ச தூரம் போனதும் கண்ணத் தொறந்தான். ஓட்டுறவரையே பாத்தான். அப்பான்னான். உங்கப்பா பெரிய லாரி ஓட்டுறாருன்னு நான்தான் தெனமும் சொல்லி வச்சிருந்தேன். மொகம் அவனுக்குச் சரியாத் தெரியாது. நான் இல்லைன்னு சொல்லல. ஆமாண்டா, அப்பாதான் ஓட்டுறாரு, நீ தூங்குன்னேன். அப்படியே தூங்கிட்டான்.”

அதிகாரி எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

“அந்த டிரைவரும் மறுத்து ஒண்ணும் சொல்லல. ஒரு கையால அவன் கால புடிச்சிக்கினே ஓட்டினாரு. ஆஸ்பத்திரில எறக்கிவுட்டுட்டுப் போயிருக்கலாம். போகல. உசுரு இல்லைன்னு சொன்னப்புறம் எங்க ரெண்டு பேரையும் அவருதான் திரும்ப ஊர்ல கொண்டாந்து வுட்டாரு. ஏரிக்கரையில மண்ணு தள்ற வரைக்கும் நின்னாரு.”

“போதும்மா” என்றார் அதிகாரி மெதுவாக. தன் பாட்டிலைத் திறந்து அம்மாவிடம் நீட்டினார். அறைக்குள் எட்டிப் பார்த்த ஊழியரைக் கையாலேயே வெளியே அனுப்பினார். பிறகு எழுதியதை வாசித்துக் காட்டினார். இறந்த இடம் என்பதற்கு எதிரே, ‘ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லாரியில்’ என்று எழுதியிருந்தார்.

அப்பா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, அவர் அம்மாவை அப்படி நேருக்கு நேர் பார்த்து நான் கண்டதில்லை.

வெளியே வராந்தாவில் மழைக்காக ஒதுங்கி நின்றோம். அப்பா கேட்டார்.

“அந்த டிரைவரு எந்த ஊரு?”

“கேக்கல.”

“பேரு?”

அம்மா தலையை ஆட்டினாள். கேட்கத் தோன்றவில்லை என்றாள்.

“இதெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்லல நீ?”

“நீங்க கேக்கவே இல்லையே. நீங்க வேணாம்னு லெட்டர் எழுதியும் நான் தாய் வீட்டுக்குப் போனேன்ல. அந்தக் கோவம்னு நெனச்சிக்கினேன்.”

“உம்மேல எனக்கு என்ன கோவம்? நான் இல்லாமப் போனேனேன்னு…”

ஆட்டோ பார்ப்பதுபோல நான் கேட் வரைக்கும் போனேன். வந்த ஆட்டோக்களை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தபோது அம்மா தன் முந்தானையால் அப்பாவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சான்றிதழ் வந்தது. அதை அனுப்பி, கேட்ட விளக்கங்களையெல்லாம் எழுதி, அடுத்த மழைக்காலம் நெருங்கும்போதுதான் ராணுவத்திலிருந்து பதில் வந்தது. அண்ணன் பெயருக்கு எதிரில் காலமானார் என்று இருந்தது. என் பெயருக்குக் கீழே தங்கையின் பெயர் இருந்தது. அப்பா உடைந்துவிடுவாரோ என்று பயந்துகொண்டேதான் கொடுத்தேன். அவர் வாங்கி, அம்மாவிடம் நீட்டினார்.

“எழுத்தெல்லாம் சரியா இருக்குதா பாரு.”

அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். அண்ணன் பெயர்மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கடைசியில் முழுப் பெயரையும் சத்தமாகச் சொன்னாள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் அன்றுதான் கேட்டேன். தங்கையும் அதைத் திருப்பிச் சொன்னாள். புதுப் பெயர் எதைக் கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். அன்று சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்குள் அந்தப் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அந்த ஏரிக்கரைக்குப் போனோம். கம்பெனி பஸ்ஸில் தினமும் நான் கடந்துபோகிற கரைதான் அது. அம்மாவால் இடத்தை அடையாளம் சொல்ல முடியவில்லை. கரையை உயர்த்திவிட்டார்கள், மரமெல்லாம் மாறிவிட்டது. “எந்த எடமா இருந்தா என்ன” என்று அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். கொண்டுபோன பூவை அம்மா அவர் கையில் கொடுத்தாள்.

இப்போதெல்லாம் எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் அப்பா, “மூணு. மூத்தவன் தவறிட்டான்” என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம், ஒரே துக்கத்தை ஆளுக்கொரு பக்கம் மறைத்துவைத்தபடி இத்தனை காலம் ஒரே வீட்டில் வாழ்ந்த அந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்கிறேன். யாரிடமாவது எதையாவது கேட்கத் தயக்கம் வந்தால், அதைத் தள்ளிவிட்டுக் கேட்டுவிடுகிறேன்.