அம்மா பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். அகராதிக் குழுத் தலைவர் வேதமூர்த்தி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். செயலாளர் குணசேகரன், கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். புத்தகத்தை அச்சடிக்கும் ரஹீம் பாய். நான்காவது ஆள் நான், குழுவின் சொல் சேகரிப்பாளன். அகராதிக்கான சொற்களை வாயால் சொன்னவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. அவர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்களில் ஒருத்தி என் அம்மா.

இனிமேல் இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்து இரண்டு வருஷம் ஆகிறது, கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

1. சீட்டு

தர்மபுரிப் பக்கம் புதிதாகப் புழங்கும் பேச்சுச் சொற்களைத் திரட்டி அகராதி போடுவது குழுவின் திட்டம். டிமிக்கி, உதார், ரீல் விடுவது, டபாய்ப்பது என்று ஊரே பேசும், ஆனால் பெரிய அகராதிகளில் இல்லாத சொற்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.ஏ. முடித்துச் சும்மா இருந்த எனக்கு இந்த வேலை கிடைத்தது.

சொல்லுக்கு ஒரு சீட்டு. சொல், பொருள், காதில் விழுந்த வாக்கியம், சொன்னவர் பெயர், ஊர், தொழில். கீழே, அதைக் கேட்ட இரண்டு பேரின் கையெழுத்து. இரண்டு கையெழுத்து விழுந்த சீட்டை யாரும் தள்ளக் கூடாது என்பது தலைவரே போட்ட விதி. வாக்கியமும் சொன்னவர் பெயரும் அகராதியில் அப்படியே அச்சாகும்.

அதியமான்கோட்டையில் லாரிகள் நிற்கும் டீக்கடை, டவுன் பஸ், ஒகேனக்கல் பரிசல் துறை என்று அலைந்தேன். பரிசல் ஓட்டும் முனுசாமி, "எம்பேரு நெசமாவே பொஸ்தகத்துல வருமா சார்?" என்று மூன்று தடவை கேட்டார்.

"வருமுங்க. நீங்க சொன்ன வார்த்தைக்குப் பக்கத்துலயே வரும்."

"அப்ப எங்கப்பன் பேரயும் சேத்துப் போடுங்க. இல்லாட்டி அந்தக் கரையில இருக்கிற முனுசாமி, அது நாந்தான்னு உதார் வுடுவான்."

அம்மா மாராயி, நல்லம்பள்ளிப் பக்கம் கல்குவாரியில் ஜல்லி உடைக்கிறவள். ஒரு நாள் வேலை விட்டு வந்தவள், "மேஸ்திரி கூலியில டபாய்க்கிறான்" என்றாள். உடனே சீட்டை எடுத்தேன். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டோம். தொழில் என்ற கட்டத்தில் 'கல் உடைக்கும் கூலி' என்று முத்து முத்தாக எழுதினேன். என் கையெழுத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

2. நட்சத்திரம்

அச்சான பாரங்களை, அதாவது பதினாறு பதினாறு பக்கமாக ஓடிய தாள்களை, ரஹீம் பாய் கொடுத்தனுப்பினார். முனுசாமியின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. அம்மா பெயருக்கும் நட்சத்திரம். 'ரீல்' என்ற சொல்லை ஒரு பேங்க் காசாளர் சொல்லியிருந்தார், அவர் பெயருக்கு ஒன்றுமில்லை. முன்பக்கத்துக்கான கையெழுத்துப் படியை எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரம் என்றால் 'கீழோர் வழக்கு' என்று விளக்கம் எழுதியிருந்தது.

குணசேகரனிடம் ஓடினேன். "இதை யாருங்க சார் பிரிச்சது?"

"நாந்தாம்ப்பா. தொழிலப் பாத்துப் பிரிச்சேன். கூலி வேலைன்னா ஸ்டாரு, உத்தியோகம்னா இல்ல. நீ தெளிவா எழுதியிருந்தியா, வேலை சுளுவா முடிஞ்சுது."

பாராட்டாகத்தான் சொன்னார். அந்த ஜனங்கள் நம்பிக் கொடுத்த பெயரை என் கையாலேயே வாங்கிவந்து, என் கையெழுத்தாலேயே கீழே தள்ளியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கையைக் கழுவிக்கொண்டு தயாராக இருந்தாள். "எம்பேரு எங்கடா?"

காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். "இது என்னடா, முன்னால பூவாட்டம்?"

"அழகுக்குப் போட்டதும்மா."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் அம்மாவை நான் டபாய்த்தேன். மறுநாள் அவள் குவாரி முழுக்கச் சொல்லிவிட்டாள், தன் பெயருக்குப் பூ வைத்து அச்சடித்திருக்கிறார்கள் என்று. இதற்குமேல் நான் எப்படிச் சும்மா இருப்பது? பின்னிணைப்புக்கான கடைசிக் கட்டுச் சீட்டுகளை நான் கொடுக்கவில்லை. நான்கு வாரம் சாக்குச் சொன்னேன். அதற்காகத்தான் கூட்டம் போட்டார்கள்.

3. கூட்டம்

"நட்சத்திரத்த எடுத்தாத்தானுங்க சீட்டு தருவேன்" என்றேன்.

தலைவர் மேசையைத் தட்டினார். "பதினேழு பாரம் ஓடியாச்சு. அத்தனையும் கிழிச்சுப் போடச் சொல்றியா? ஆயிரக்கணக்குல ஆகும், உங்கப்பனா குடுப்பான்?"

"எங்கம்மா பேருங்க அது."

"யார் பேரா இருந்தா என்ன? பண்டிதர் கையில போற பொஸ்தகம். எந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிய வேணாமா? மொதல்ல சீட்ட எடு. நாலு வாரமா நாளைக்கி நாளைக்கின்னு எங்கள டபாய்க்கிறியா?"

நான் பையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தேன். சொல் 'டபாய்ப்பது', அதன் பொருள், அவர் இப்போது சொன்ன வாக்கியம், வேதமூர்த்தி, தர்மபுரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று நிரப்பினேன். என் கையெழுத்தைப் போட்டு ரஹீம் பாயிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"பாய், நீங்களுமா?" என்றார் தலைவர்.

"காதுல விழுந்தது விழுந்ததுதானுங்களே ஐயா."

நான் கேட்டேன்: "இது பின்னிணைப்புல வருதுங்க. இதுக்கு ஸ்டார் உண்டுங்களா, இல்லீங்களா? உண்டுன்னா உங்க பேரும் கீழோர்ல வரும். இல்லைன்னா ஒரே பொஸ்தகத்துல, ஒரே வார்த்தை, எங்கம்மா சொன்னா கீழ, நீங்க சொன்னா மேல."

குணசேகரன் சிரிக்கப் பார்த்தார். "ஐயா ஏதோ கோவத்துல சொன்னாரு. கிழிச்சுப் போடுப்பா."

"ரெண்டு கையெழுத்து விழுந்த சீட்டுங்க சார். தள்ளக் கூடாதுன்னு ஐயா போட்ட விதி."

தலைவர் அந்தச் சீட்டைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு தடவை படித்தார். ரஹீம் பாய்தான் பேசினார். "பாரத்த எதுக்குங்க கிழிக்கணும்? முன்பக்கம் இன்னும் ஓடல, அது எப்பவும் கடசீலதான் ஓடும். ஸ்டாருக்கு வெளக்கம் ஒரு வரிதானுங்களே, அச்செழுத்த மாத்திக் கோத்துட்டாப் போச்சு."

'பேச்சில் வழங்குவது' என்று மாற்றச் சொன்னார் தலைவர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. நான் சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்தேன். அடுத்த நாள் முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று குணசேகரன் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்.

நட்சத்திரங்கள் இன்றும் அந்தப் பக்கங்களில் அப்படியே இருக்கின்றன. பின்னிணைப்பில் வேதமூர்த்தியின் பெயருக்கு முன்னாலும் ஒன்று இருக்கிறது.

நான் கற்றுக்கொண்டது இதுதான். யாராவது ஒரு படிவத்தைக் கொடுத்து, எளிய ஜனங்களிடம் போய் நிரப்பி வா என்றால், ஒவ்வொரு கட்டமும் எதற்கு என்று முதலில் கேளுங்கள். பதில் வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

ஆயிரக்கணக்கில் ஆகும் என்றார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். ரஹீம் பாய் பில்லைக் காட்டினார். 'முன்பக்கம், ஒரு வரி மாற்றிக் கோத்தது: இரண்டு ரூபாய் ஐம்பது காசு.'