ரயிலுக்குக் கலியாணம் சொன்ன மிருசுவில்

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறும்போதே வானொலி புயலைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கார்த்திகை மாதத்தில் வானொலி வேறு எதைச் சொல்லப்போகிறது என்று நான் அலட்சியமாக இருந்துவிட்டேன். அரியாலையில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டுக் கூரையை மழைக்கு முன் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று என் மனைவி இரண்டு மாதமாகச் சொல்லி வந்தாள். மழைக்கு முன் பார்க்க வேண்டியதை மழையோடு பார்க்கப் புறப்பட்டோம்.

பெட்டியில் பாதி இருக்கைகள் வெறுமையாக இருந்தன. புத்தியுள்ளவர்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. எங்களுக்கு எதிரே இணுவில்காரி ஒருவர், பெயர் பரமேஸ்வரி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். கொழும்பில் மகனோடு ஒரு மாதம் இருந்துவிட்டு ஊரில் தனியாக இருக்கும் கணவரிடம் திரும்பிக்கொண்டிருந்தார். அந்தக் கணவருக்குத் தேநீர்கூடப் போடத் தெரியாது என்பதை வவுனியா வருவதற்குள் மூன்று தடவை எங்களுக்குச் சொல்லிவிட்டார். எப்படியும் காலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே கவலை.

வவுனியாவுக்குப் பிறகு ரயில் ஓடவில்லை, நடந்தது. கிளிநொச்சியில் நெடுநேரம் நிறுத்திவைத்தார்கள். விடியும் நேரம் ஆனையிறவைக் கடந்தோம். இரண்டு பக்கமும் ஒரே சாம்பல் நிறத் தண்ணீர். எது கடல்நீரேரி, எது வெள்ளம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பளையில் ஒருவர் கேத்திலோடு ஏறினார். பால் விடாத பிளேன்ரீ ஒன்று நூறு ரூபாய். பேரம் பேசாமல் வாங்கிக் குடித்தோம்.

காலை ஏழு மணிக்கு மிருசுவில் நிலையத்தில் ரயில் முற்றாக நின்றது. யாழ்ப்பாணத்துக்கு இனி முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. கொடி காட்டும் ரயில் காவலர் பெட்டி பெட்டியாக வந்து விஷயத்தைச் சொன்னார். அடுத்த நிலையமான கொடிகாமத்துக்குக் கிட்ட தண்டவாளத்துக்குக் கீழே போட்ட சல்லிக் கல்லை வெள்ளம் அரித்துவிட்டதாம். ஆட்கள் வந்து நிரப்பி, தள்ளுவண்டியில் போய்ப் பார்த்து, சரி என்று சொல்லும்வரை இயந்திரத்தை விட முடியாது. மத்தியானத்துக்கு முன் அந்தக் கதையே இல்லை. பக்கத்தில் ஓடும் கண்டி வீதி நெடுஞ்சாலையிலும் யாழ்ப்பாணப் பக்கமாக மரங்களும் மின்கம்பங்களும் விழுந்து கிடந்தன. தொலைபேசிக் கோபுரமும் செத்துவிட்டதால் யாருக்கும் தகவல் சொல்ல வழியில்லை.

எட்டு மணி இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், காற்றில் மடங்கிய குடையோடு, ஒவ்வொரு யன்னலாக எட்டிப் பார்த்தபடி வந்தார். தியாகராசா என்ற தென்னங்காணிக்காரர் அவர். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் தன் அக்காவும் குடும்பமும் இந்த ரயிலுக்குத்தான் பதிவு செய்திருந்தார்கள் என்றார். அப்படி யாரும் எங்கள் பெட்டியில் இல்லை. கடைசிப் பெட்டிவரை போய்த் திரும்பியபோது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அன்று அவருடைய மகளுக்குக் கலியாணம். வீட்டில் போட்ட பந்தலைக் காற்று கொண்டுபோய்விட்டதால் அருகிலுள்ள பிள்ளையார் கோயில் மண்டபத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதல்நாளே கிளிநொச்சியிலிருந்து அறுபது பேராக வந்து இறங்கிவிட்டார்கள். பெண் பக்கத்தில் வடமராட்சி உறவுகளும் வர முடியவில்லை, கொழும்பு உறவுகளும் வரவில்லை. அயலவர்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். தாயும் தகப்பனும் மட்டும் நின்று பெண்ணைக் கொடுத்தால், போகிற வீட்டில் அவளுக்குக் கேட்பார் பார்ப்பார் இல்லை என்று ஆகிவிடும். அதுதான் அந்த மனிதரைத் தின்றுகொண்டிருந்தது. இதையெல்லாம் நாங்கள் துருவித் துருவிக் கேட்டுத்தான் அறிந்தோம். அவர் வாய் திறந்து சொன்னது வேறு.

"ஆக்களுக்குச் சமைச்ச சாப்பாடு கிடக்கு. பசியோடை இருக்கிறவை வந்து சாப்பிடுங்கோ."

பெட்டியில் ஒருவரும் அசையவில்லை.

"நாங்கள் இப்பதானே சாப்பிட்டனாங்கள் தம்பி" என்றார் பரமேஸ்வரி அம்மா. அவருடைய பிஸ்கட் பொதி மதவாச்சியிலேயே முடிந்துவிட்டது. நானும் வயிறு நிறைந்தவன் போலத் தலையாட்டினேன். பின்னால் இருந்தவர்களும் சொல்லிவைத்தாற்போல அதையே சொன்னார்கள். முழு ரயிலுமே பளைப் பிளேன்ரீயோடு பசியாறிவிட்ட மாதிரி இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பசிக்கிறது என்று சொன்னால் என்ன குறைந்தா போய்விடும் என்று கேட்டாள். பரமேஸ்வரி அம்மாதான் பதில் சொன்னார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, மிருசுவில் அடங்கிய இதே தென்மராட்சியில் இருந்த காலத்தில் சோற்றுப் பொதிக்கு வரிசையில் நின்றது தனக்கு ஒரு பிறவிக்குப் போதுமாம். கலியாண வீட்டுக்கு முறையாகச் சொல்லி அழைத்தால் போகலாம். சோறு கிடக்கிறது வா என்றால் போக முடியாதாம். எங்கள் ஆட்களின் இந்த வீம்பை நான் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கும் அதே வீம்புதான் இருந்தது.

ஒன்பது மணிக்குள் தியாகராசா திரும்பி வந்தார். இப்போது பட்டு வேட்டி, சால்வை. கூடவே மனைவி, கையில் சந்தனமும் குங்குமமும் வைத்த வெள்ளித் தட்டம். பிழையைக் கண்டுபிடித்தவர் அந்த அம்மாதான் என்று பிறகு அறிந்தேன். கலியாண நாளில் ஆட்களைச் சாப்பாட்டுக்கா கூப்பிடுவது என்று கணவரை நன்றாக ஏசிவிட்டு, தானே தட்டத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். இருவரும் ஒரு பெட்டியையும் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்று, தட்டத்தை நீட்டிச் சொன்னார்கள்.

"எங்கடை மகளின்ரை கலியாணம். பத்தரைக்கு முகூர்த்தம். பெம்பிளைப் பக்கம் சபையிலை ஆக்கள் இல்லை. நீங்கள் வந்து நிண்டு நடத்தித் தரவேணும்."

பரமேஸ்வரி அம்மா குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தார். "சொல்லிப்போட்டீங்கள். வாறம்" என்றார்.

அதற்குப் பிறகு ரயில் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். பயணப் பெட்டிகள் திறந்தன, சேலைகள் வெளியே வந்தன, கழிவறை வாசலில் பெண்கள் வரிசை. குளிக்காமல் கலியாண வீட்டுக்குப் போவதோ என்று சிலர் கொட்டும் மழையில் நிலையத்துக் கிணற்றடிக்கு ஓடினார்கள். வெறுங்கையோடு போகக்கூடாதென்று பணம் வைத்துக் கொடுக்கக் காவலரிடம் கடித உறை கேட்டவர்களும் உண்டு. அவர் சிரித்துவிட்டு, புறப்பட அரை மணித்தியாலம் இருக்கும்போது நீளமாக ஹோர்ன் அடிக்கச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார்.

பெண்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். ஆண்கள் முழங்கால் தண்ணீரில் பத்து நிமிடம் நடந்தோம். நூறு பேர் வரை மண்டபத்துக்குள் போய்ப் பெண் பக்கத்துப் பாயில் இருந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் நிமிர்ந்து பார்த்தார்கள். மணவறைக்குப் பக்கத்தில் நின்ற தியாகராசா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழை உள்ளே வரவில்லை.

ஆராத்தி எடுக்கப் பெண்ணின் மாமியை வரச் சொல்லுங்கள் என்று ஐயர் கேட்டார். வராமல் போன, பெண்ணின் தகப்பனுடைய அக்காவுக்குரிய இடம் அது. பரமேஸ்வரி அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் என் மனைவியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மேளக்காரரும் வந்து சேராததால், தாலி ஏறும்போது கோயில் மணியையே கெட்டிமேளமாக அடித்தார்கள். நாங்கள் எல்லோரும் அறுகரிசி தூவி வாழ்த்தினோம். பெயர்கூடத் தெரியாத ஒரு பிள்ளைக்காக எனக்குக் கண் கலங்கியது.

பிறகு வாழையிலை. கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். நான் மூன்று தடவை சோறு வாங்கினேன், வெட்கப்படவில்லை. கொழும்பில் நாங்கள் ஒன்பது வருடமாக ஒரே மாடியில் இருக்கிறோம். எதிர்வீட்டில் கலியாணம் நடந்ததை வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துத்தான் அறிந்தோம். இங்கே மழைக்குள் வந்து, என் முன்னால் நின்று, ஒரு தகப்பன் எனக்குக் கலியாணம் சொன்னார். இந்தப் பயணத்தில் என்னைக் கொண்டுவந்து மிருசுவிலில் விட்ட புயலுக்கும், அரிபட்டுப்போன அந்தச் சல்லிக்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஒன்றரை மணிக்கு ஹோர்ன் கேட்டது. எல்லோரும் அவசரமாக எழுந்து விடைபெற்றோம். பரமேஸ்வரி அம்மா மட்டும் மணப்பெண்ணுக்குப் பக்கத்திலிருந்து அசையவில்லை. பின்னேரம் பெண்ணைக் கிளிநொச்சிக்கு மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், கூடப்போக மாமி வேண்டாமா என்று கேட்டார். தன் பயணப்பையை என் மனைவியிடம் கொடுத்து, இணுவிலில் வீட்டுக்கு வழியும் சொன்னார். அங்கே தேநீர் இல்லாமல் இருக்கும் மனிதரிடம் நான் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"ஒரு கலியாண வீட்டிலை நிக்கிறன், நாளைக்கு வாறன் எண்டு சொல்லுங்கோ."

"ஆரின்ரை கலியாணம் எண்டு கேட்டால்?"

அவர் மணப்பெண்ணின் தலையில் நழுவியிருந்த பூவைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"என்ரை மருமகளின்ரை எண்டு சொல்லுங்கோ."