முதலெழுத்து மாறிய பெண்கள்

எங்கள் கமக்காரர் அமைப்பின் விதைநெல் பெறும் விவசாயிகளின் பட்டியலை நானே கணினியில் தயாரித்தேன். அங்கத்தவர் அட்டவணையையும் காணி அட்டவணையையும் பெயரைக் கொண்டு இணைத்து, சுவரில் ஒட்டினேன். நண்பகலுக்குள் அதை விதைநெல் தரும் அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். அப்போது அங்கத்தவரான செல்வராணி பதறி வந்தார்.

"ஐயா, என்ர பேரைக் காணேல்லை. உழுதிட்டு நிக்கிறன், எதை விதைக்கிறது?"

தேடினேன். மணமான பெண்கள் ஒருவருமே பட்டியலில் இல்லை.

"காணி எந்தப் பேரில, பிள்ளை?"

"அப்பான்ர முதலெழுத்தில. இங்க அங்கத்தவர் அட்டவணையில என்ர மனுசன்ர முதலெழுத்து. கலியாணம் கட்டினா ஆளே இல்லாமப் போறதோ?"

இரண்டு அட்டவணையிலும் இருந்த அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு மீண்டும் இணைத்தேன். பதினொரு பெண்கள் பட்டியலில் சேர்ந்தனர். நண்பகலுக்குச் சற்று முன்னர் அனுப்பினேன்.

கணினி பிழையெதுவும் காட்டியிருக்கவில்லை; பொருந்தாதவர்களைச் சத்தமின்றி விட்டுவிட்டது. செல்வராணி கேட்டிராவிட்டால், நானும் விட்டிருப்பேன்.