விசாரிக்கப் போகாத ஞாயிற்றுக்கிழமை

அந்தப் பெண் கதிரையில் உட்காரவே இல்லை. வெள்ளவத்தையில் அக்கா வீட்டு முன்னறையில், மழையில் நனைந்த குடையைக் கையில் பிடித்தபடி, தரை ஈரமாகிவிடுமே என்ற கூச்சத்தோடு வாசலை ஒட்டியே நின்றாள். கொச்சிக்கடையிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். அவள் பார்க்க வந்தது என் அக்காவின் கணவரை. யாழ்ப்பாணத்திலிருந்து வேலை கிடைத்து வந்த நான் அப்போது அவர்களோடுதான் தங்கியிருந்தேன்.

அத்தான் ஒரு காப்புறுதிக் கம்பனியில் நட்டஈட்டுக் கோரிக்கைகளை விசாரிப்பவர். ஒரு கடை எரிந்ததென்றால் நேரில் போய்ச் சாம்பலைக் கிளறிப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டார். அந்த நிதானத்தைக் கண்டுதான் அவர் சார்ந்திருந்த சின்னக் கட்சி, மாநகர சபைத் தேர்தலுக்கு ஆள் தெரிவுசெய்யும் குழுவுக்கு அவரைத் தலைவராக்கியது. "கலியாணம் பேசினால் எத்தினை வீட்டிலை விசாரிக்கிறம்? வோட்டுக் கேக்க நிக்கிறவனையும் அப்பிடித்தான் விசாரிக்கவேணும்" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லுவார்.

அந்த முறை கொட்டாஞ்சேனைப் பக்கம் நிற்க ஒரு சரக்குக் கிட்டங்கி முதலாளி முன்வந்திருந்தார். மூன்று மொழியும் சரளமாகக் கதைப்பார். செத்தவீடு, கலியாணவீடு ஒன்றையும் தவறவிடமாட்டார். அவருடைய கிட்டங்கியில்தான் அந்தப் பெண்ணின் கணவன் மூட்டை சுமந்தான். சாமான் களவு போகாமலிருக்க, ஆட்கள் உள்ளே வேலை செய்யும்போதே கதவுக்கு வெளியிலிருந்து கொண்டி போட்டுப் பூட்டுவது அங்கே வழக்கம். ஒருநாள் உள்ளே தீப்பிடித்தது. பூட்டின் திறப்பு வைத்திருந்தவன் வந்து சேருவதற்குள் அவள் கணவன் புகையில் மூச்சடைத்து இறந்துபோனான். இதையெல்லாம் அவள் அழாமல், பலமுறை சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்.

"நான் நட்டஈடு கேட்டு வரல்ல ஐயா. அந்தக் கொண்டி இன்னும் வெளியிலதான் இருக்கு. ஒருக்கா வந்து உங்கட கண்ணால பாருங்க. அதுக்குப் பொறகு அவருக்கு இடம் குடுக்கிறதெண்டா குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வருவதாக அத்தான் சொன்னார்.

போகவில்லை. வேட்புமனுக் கொடுக்கும் நாள் நெருங்கியிருந்தது. வெல்லக்கூடிய ஒரே ஆளைக் கைவிடலாமா என்று குழுவில் மற்றவர்கள் கேட்டார்கள். அத்தான் முதலாளியையே தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். அது பழைய விபத்து, குடும்பத்துக்கு வேண்டியதைச் செய்தாயிற்று, இப்போது யாரோ அந்தப் பெண்ணை ஏவிவிடுகிறார்கள் என்று அவர் அமைதியாக விளக்கினாராம். தொலைபேசியை வைத்தபோது அத்தானின் முகத்தில் நான் கண்டது நிம்மதி. அந்த ஞாயிறு பின்னேரம் நாங்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். பிள்ளைகள் அலையில் விளையாடினார்கள்.

முதலாளி வென்றார். சில காலம் போக, கொட்டாஞ்சேனையில் ஒரு தையல் கூடம் எரிந்தது. அதன் பின்படிக்கட்டை அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று அயலவர்கள் முன்பே அவரிடம் முறையிட்டிருந்தார்கள். கூடம் அவருடைய நண்பருடையது. முறைப்பாடு அவரைத் தாண்டிப் போகவில்லை. பட்டப்பகலில், தெரு நிறைய ஆட்கள் பார்த்து நிற்க, ஓர் இளம்பெண் உள்ளே அகப்பட்டு இறந்தாள்.

செய்தி வந்த அன்றே அத்தான் கொச்சிக்கடைக்குப் புறப்பட்டார். என்னையும் கூட வரச் சொன்னார். தனியே போகப் பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெண் எங்களைக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போனாள். கொண்டி இருந்தது. அத்தான் அதைத் தொட்டார். பிறகு விரல்களைச் சட்டையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார்.

"அண்டைக்கு நான் வந்திருந்தால்..." என்று தொடங்கினார்.

"ஓம் ஐயா" என்றாள் அவள்.

அதன்பின் அவர் பழைய அத்தானாக இல்லை. கட்சியை விட்டார். எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் பின்கதவைத் தேடுவார். என் மகளின் கலியாணத்தன்று, முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில், பட்டு வேட்டியோடு மண்டபத்தின் பின்புறம் நின்று பூட்டிய கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார். முகாமையாளர் வந்து திறந்துவிடும்வரை அவர் மணவறைப் பக்கம் வரவில்லை. யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அக்கா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த முதலாளி பொய் சொன்னது பெரிசில்லை" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "அந்தாளைப் பற்றி அந்தாளிட்டையே கேட்டன் பார், அதுதான்."

தேர்தல் வரும்போதெல்லாம் அவர் கொச்சிக்கடைக்குப் போவார். அந்தப் பெண்ணோடு சேர்ந்து, நிற்கிறவர்களிடம் வேலை செய்த சாரதிகளை, சமையல்காரிகளை, வாடகைக்கு இருந்தவர்களைத் தேடிப் போய்க் கதைப்பார். அறிந்ததைக் கட்சிகளுக்குச் சொல்வார். சிலர் கேட்டார்கள். பலர் அவரைக் கண்டால் பாதை மாறினார்கள்.

அத்தானின் செத்தவீட்டுக்கு அவளும் வந்தாள். "அவர் என்னட்ட மன்னிப்புக் கேட்டதில்ல" என்றாள். "கேட்டிருந்தாலும் நான் குடுத்திருக்க மாட்டன். ஆனா ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் வந்தவர்." கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்தமுறை நான் வருவேனா என்று கேட்டாள்.

இப்போது மறுபடியும் சுவர்களில் முகங்கள் சிரிக்கின்றன. போன கிழமை நானும் அவளும் மருதானைக்குப் போனோம். அங்கே ஒரு வாகனம் திருத்தும் கராஜில் வேலை செய்பவர், இம்முறை நிற்கும் ஒருவரிடம் முன்பு வேலை பார்த்தவர். எந்தக் கட்சி என்று அவர் சந்தேகத்தோடு கேட்டார். ஒரு கட்சியுமில்லை, வோட்டுப் போடுகிறவர்கள்தான் என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவரப் பத்தி எங்களட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லயே" என்றார்.

பிறகு ரேடியோவை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினார். கேட்டுத் தாங்கக்கூடிய கதையாக அது இருக்கவில்லை. ஆனால் தேர்தலுக்கு இன்னும் நாள் இருந்தது.