பாதிக் கடலில் நின்ற விமானம்

டிப்போவில் அவருக்கு 'கேப்டன்' என்று பட்டப்பெயர். ஓட்டியது என்னவோ டவுன் பஸ்தான். வாயைத் திறந்தால் விமானக் கதை. ஒற்றை எஞ்சின் வைத்த குட்டி விமானத்தில் ஒரு பெண் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி வந்ததைச் சின்ன வயதில் எங்கோ படித்திருந்தார். அவள் இறங்கி ஏறிய ஊரெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

சர்க்கரை நோய் முதலில் கண்ணைப் பறித்தது, பிறகு சிறுநீரகத்தை. வேலையும் போய், வீட்டில் சிடுசிடுத்துக்கொண்டே கிடந்தார். பார்க்கச் சகிக்காமல் மகன் தன் பழைய கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் விளையாட்டைப் போட்டு, அதை ஓட்டும் கைப்பிடியாக ஒரு ஜாய்ஸ்டிக்கும் வாங்கி வைத்தான்.

"கண்ணு தெரியாதவனுக்கு இது எதுக்குடா?" என்று எரிந்து விழுந்தார்.

"நீங்க வழி சொல்லுங்க, நான் ஓட்டுறேன்," என்றாள் மனைவி. சைக்கிள்கூட ஓட்டியறியாத தையல்காரி.

முதல் நாள் விமானம் ஓடுபாதையைத் தாண்டி வயலுக்குள் போய்க் கவிழ்ந்தது.

"என்னம்மா பண்ணின?"

"தையல் மெஷின் மாதிரி நெனச்சு ஒரே அழுத்தா அழுத்திட்டேங்க."

அவர் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

உலகம் சுற்றிய அந்தப் பெண் போன வழியிலேயே, ஊர் ஊராகப் போனார்கள். கீழே தெரிவதை மனைவி சொல்லிக்கொண்டே வருவாள். எஞ்சின் சத்தத்தை வைத்தே, "மூக்கு இறங்குது, தூக்கு," என்பார் அவர். டயாலிசிஸ் நாட்களில் விமானத்துக்கும் ஓய்வு.

பாலைவனம் தாண்டி, மலை தாண்டி, கடலுக்கு வந்தபோது அவர் குரல் தேய்ந்துபோயிருந்தது. நடுக்கடலில் ஒரு தீவில் இறக்கியதும், "இன்னிக்குப் போதும்மா. அடுத்த தடவை கிளம்பலாம்," என்றார்.

மறுநாள் டயாலிசிஸில் ரத்த அழுத்தம் இறங்கியது. அவர் வீடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, "கம்ப்யூட்டரை எடுத்து வச்சிடட்டுமாம்மா?" என்று மகன் கேட்டான்.

"இருக்கட்டும்பா. ப்ளேன் இன்னும் அங்கேயே நிக்குது."

ஒரு மத்தியானம் தனியாக உட்கார்ந்து கிளப்பினாள். பக்கவாட்டுக் காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு போனது. எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்ல ஆளில்லை. அடுத்த தீவு கண்ணில் படவே இல்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் தண்ணீரில் விழுந்தது. சாவு வீட்டில் வராத அழுகை அப்போது வந்தது. வாய்விட்டு அழுதாள்.

விட்டுவிடவும் மனம் வரவில்லை. மறுபடி கிளம்பினாள், மறுபடி விழுந்தாள். காற்றுக்கு எவ்வளவு ஒதுங்கித் திருப்ப வேண்டும் என்று விழுந்து விழுந்தே கற்றுக்கொண்டாள். ஒருவழியாகத் தீவு தெரிந்தது. அதற்கப்புறம் மிச்ச ஊர்களும் வந்தன, போயின. புறப்பட்ட ஓடுபாதையிலேயே ஒரு சாயங்காலம் இறங்கி எஞ்சினை அணைத்தாள்.

"முடிச்சிட்டீங்களாம்மா! அப்பா இருந்திருந்தா துள்ளிக் குதிச்சிருப்பாரு!" என்றான் மகன்.

"நாளைக்கு எங்க போகணும்னு ஒரு நெனப்பு இருந்துச்சுப்பா," என்றாள். "இனிமே அதுவும் இல்ல."

மகன் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.