ஓட்டிப் பார்த்த பகல்

போன ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடியில் அக்கா வீட்டில் ஒரு படம் பார்த்தேன். அக்கா என்றால் பெரியம்மா மகள். கணவர் இல்லை, ஒரே மகன் சிங்கப்பூரில். இடுப்பில் அடிபட்டுப் படுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனவன், பேச்சு ஓடாததால் டி.வி.யைப் போட்டேன்.

ஆளில்லாத் தீவில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனின் கதை. பாறையில் வழுக்கி விழுகிறான், காலை இழுத்துக்கொண்டு தண்ணீர் தேடுகிறான்... சட்டென்று திரையில் 'மூன்று வருடங்களுக்குப் பிறகு' என்று எழுத்து. அவனுக்குத் தாடி வளர்ந்திருந்தது.

அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

"இப்படித்தான் தம்பி எம்மகனும் பாத்தான்."

புரியவில்லை. கூடத்து மூலையில் இருந்த கேமராவைக் காட்டினாள். மகன் மாட்டியது. சிங்கப்பூரிலிருந்தே செல்போனில் அம்மாவைப் பார்க்கலாம் — தெருவே மெச்சிய ஏற்பாடு.

போன மாதம் ஒரு காலையில், அந்தக் கேமராவுக்கு நேர் கீழே வழுக்கி விழுந்திருக்கிறாள். எழ முடியவில்லை. செல்போன் அடுப்படியில். கேமராவைப் பார்த்து மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள், தொண்டை வறளும்வரை. சாயங்காலம் பால் ஊற்றும் பெண் வந்துதான் தூக்கிவிட்டார்.

விவரம் தெரிந்ததும் மகன் என்ன செய்தான்? கேமராவில் பதிவானதை எடுத்துப் பார்த்திருக்கிறான்.

"முழுசாவா?"

"அம்புட்டு நேரம் யாரு பாப்பா? ஓட்டி ஓட்டித்தான். 'கால் தொடைக்கிற மிதியடிய ஒழுங்காப் போடக் கூடாதாம்மா'ன்னு என்னையவே கேக்குறான். நாங் கூப்புட்டது கேக்கலயாம்... வேகமா ஓட்டுனா சத்தம் வராதாம்."

பெற்றவள் தரையில் கிடந்து கழித்த பகலை, பிள்ளை டீ குடிக்கிற நேரத்தில் பார்த்து முடித்துவிட்டான். தீவில் கிடந்தவன் கதையாவது பரவாயில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் வரவில்லை. இவள் கிடந்தது சொந்தக் கூடத்தில் அல்லவா?

"ஒனக்கு என்னதான்க்கா வேணும்?"

"பகல்ல பால்காரம்மா எட்டிப் பாக்குது. ராத்திரிக்குத்தான் பயமா இருக்கு. தொணைக்கு ஒரு ஆளு இருந்தாப் போதும். அவனே வரணும்னு இல்ல... யாராச்சும்."

அங்கேயே அவனுக்குப் போன் போட்டேன். கொஞ்சம் சூடாகவே பேசினேன்.

"நீ வர முடியலன்னா பரவாயில்ல மாப்ள. அம்மாவுக்கு ராத்திரிக்கு ஒரு ஆளுக்காவது ஏற்பாடு பண்ணு."

"நாளைக்கே ஆள் அனுப்புறேன் மாமா" என்றான்.

சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே ஆள் வந்துவிட்டார், ஏணியோடு — படுக்கையறையில் இன்னொரு கேமரா மாட்ட.