உள்ளே இருந்த கார்டு

அக்கா வீட்டுக் கணினியில் விண்டோஸை அழித்து லினக்ஸைப் போட்டவன் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றியதில், கொச்சியில் ஒரு பிரௌசிங் சென்டரில் படிந்த வித்தை அது. வைரஸ் வராது என்று பெருமையாகச் சொல்லிப் போட்டேன். போட்ட பிறகு, மதர்போர்டிலேயே பதிந்து வந்த நெட்வொர்க் கார்டு வேலை செய்யவில்லை. கேபிளைச் சொருகினால் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் இணையத்தில் இருந்தது. இணையத்துக்குப் போக அந்தக் கார்டு வேண்டும்.

அக்காவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. மச்சான் குவைத்தில், லீவு கிடைக்கவில்லை. போனில் தினமும் பேசினார்கள். ஆனால் அவளுக்குக் கணினிக் கேமரா வழியாக அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பஸ் ஏறி பிரௌசிங் சென்டருக்குப் போகும் நிலையில் அவள் இல்லை.

பென் டிரைவோடு நாகர்கோவிலுக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் சிரித்தார்.

"எதுக்கு மக்கா இந்தப் பாடு? தனிக் கார்டு ஒண்ணு வாங்கிச் சொருகு. அஞ்சு நிமிச வேல."

"உள்ளயே ஒண்ணு இருக்கே அண்ணாச்சி. அத ஓட வைக்காம விடமாட்டேன்."

"ஒனக்க கொழுப்பு."

டிரைவரை இறக்கி வந்தேன். அதைக் கம்பைல் செய்து ஓட வைக்க வேறொரு மென்பொருள் தொகுப்பு வேண்டும் என்றது கணினி. மறுநாள் அதற்கு ஒரு பஸ். கொண்டுவந்த தொகுப்பு நான் போட்ட லினக்ஸின் கெர்னலுக்குப் பொருந்தவில்லை. அதற்கு இன்னொரு பஸ். இப்படியே ஒன்பது நாள்.

தினமும் சாயங்காலம் அக்கா முகம் கழுவி, பவுடர் போட்டு, முடி கொட்டிய தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தலையணையில் சாய்ந்து காத்திருப்பாள்.

"லே, ஒனக்க பெட்டி இண்ணைக்காவது கண்ணு முழிக்குமா?"

"நாளைக்கு ரெடியாயிரும்க்கா."

"பவுடர் டப்பா தீந்துட்டுலே. வரும்போ ஒண்ணு வாங்கிட்டு வா."

பத்தாம் நாள் காலையில் போய்விட்டாள்.

மச்சான் போனில், "ஒருக்கா அவ மொகத்த மட்டும் காட்டுலே" என்றார். நான் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் தனிக் கார்டை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் மூடியைக் கழற்றிச் சொருகினேன். அவர் சொன்னது சரி, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

கேமராவை சவப்பெட்டி பக்கம் திருப்பினேன். வேலைக்குப் போடும் நீலச் சட்டையோடு மச்சான் திரையில் இருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பவுடர் போட்டிருக்கா" என்றார்.

"ஆமா மச்சான். தெனமும் போடுவா."

அந்தக் கடைக்காரர் முதல் நாளே சொன்னதை நான் இன்னும் மச்சானிடம் சொல்லவில்லை.